எதிரியைப் புகழ்தல்

ஜூலுக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அநேகமாக எல்லோரும் அவர்களைப் புகழ்ந்திருக்கிறார்கள். தைரியசாலிகள், கட்டுப்பாடு மிக்கவர்கள், சாவைத் துச்சமாக மதிப்பவர்கள் என்று. 1879ல் அவர்களைச் சுட்ட சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில்கூட இந்தப் புகழ்ச்சி இருக்கிறது. நம் தளபதிகளைத் தோற்கடித்தார்கள், நம் பிஷப்பை மதம் மாற்றினார்கள், ஐரோப்பிய ராஜவம்சம் ஒன்றின் தலைவிதியையும் முடித்து வைத்தார்கள், என்ன ஜனங்கள் இவர்கள் என்று பிரதமர் டிஸ்ரேலி வியந்ததாகச் சொல்வார்கள். பிஷப் என்றது கொலென்ஸோவை. அவரிடம் பின்னால் வருகிறேன். ராஜவம்சம் என்றது மூன்றாம் நெப்போலியனின் மகனை. பிரிட்டிஷ் படையோடு வேடிக்கை பார்க்கப் போன அந்த 23 வயது இளைஞன் 1879 ஜூன் 1 அன்று ஒரு ஓடையருகில் ஈட்டிகளால் செத்தான்.

எனக்கு இந்தப் புகழ்ச்சியின் மேல் நெடுநாளாகச் சந்தேகம். தோற்றவனைப் புகழ்வதில் புகழ்பவனுக்குச் செலவு ஒன்றும் கிடையாது, வரவு உண்டு. அவன் பெரியவனாக ஆக ஆக, அவனை வென்றவனும் பெரியவனாகிறான். ஆனால் இது மேலோட்டமான காரணம்தான், யாரும் சொல்லிவிடக் கூடியது. நான் பேச விரும்புவது உருவம் சம்பந்தப்பட்டது. ஒரு யுத்தத்தைச் சொல்லும்போது எங்கே ஆரம்பிக்கிறோம், எங்கே நிறுத்துகிறோம் என்பது. 'எழுத்து' காலத்திலிருந்து நாம் உருவம் உருவம் என்று பேசி வந்திருக்கிறோம். உருவம் கச்சிதமாக அமைந்துவிட்டதாலேயே ஒரு படைப்பு பொய்யாகிப் போகுமா என்ற கேள்வியை அவ்வளவாகக் கேட்டுக்கொண்டதில்லை. ஜூலு யுத்தம் அந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம்.

'ஜூலு' என்ற ஆங்கிலப் படம் 1964 ஜனவரி 22 அன்று, இசாந்துல்வானா சண்டையின் 85ம் ஆண்டு நாளில், லண்டனில் திரையிடப்பட்டது. இயக்கியவர் சை எண்ட்ஃபீல்ட். இடதுசாரி என்று ஹாலிவுட்டால் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டு இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்த அமெரிக்கர். ஏகாதிபத்தியத்தைத் துதிபாடக் கிளம்பியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. படம் முதல்தரமான படம். ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற ஆற்றுத்துறையில் ஒரு பாதிரியார் வீடு, பக்கத்தில் சாமான் கிடங்கு. உள்ளே சுமார் 150 பேர். வெளியே மூவாயிரம் நாலாயிரம் ஜூலுக்கள். ஒரு மாலை, ஓர் இரவு, மறுநாள் காலை. மக்காச்சோள மூட்டைகளும் பிஸ்கட் பெட்டிகளும் அடுக்கிய அரண். இடம் ஒன்று, காலம் ஒன்று, செயல் ஒன்று. அரிஸ்டாட்டிலிடம் காட்டினால் தலையாட்டியிருப்பார். பி.ஏ. ஆங்கில வகுப்பில் மூன்று ஒருமைகளுக்கு உதாரணம் கேட்டால் பழைய பிரெஞ்சு நாடகங்களைச் சொல்லித் தந்தார்கள். இந்தப் படத்தையே சொல்லியிருக்கலாம்.

படத்தில் பயந்துபோன ஓர் இளம் சிப்பாய், ஏன் நாம், நாம்தானா அகப்பட்டோம் என்று கேட்கிறான். நாம் இங்கே இருக்கிறோம், அதனால்தான் என்று பதில் சொல்கிறார் சார்ஜெண்ட். ரசிகர்கள் மெச்சும் இடம் இது. எனக்கும் பிடிக்கும். மனித நிலைமையைச் சொல்லும் வாசகம்போல ஒலிக்கிறது. நம்மில் சிலர் அதை வைத்து ஒரு கவிதையே எழுதிவிடுவார்கள். ஆனால் அந்தச் சிப்பாய் அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. அதற்குத் தேதி உண்டு, கையெழுத்து உண்டு. படத்தில் அது இல்லை. இருந்தால் அந்த வாசகம் நிற்காது.

1878 டிசம்பர் 11. டுகேலா ஆற்றின் கரையில் ஓர் அத்தி மரத்தடி. ஜூலு அரசர் செட்ஷ்வாயோவின் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். (இந்தப் பெயரின் முதல் ஒலி நாக்கைப் பல்லின் பின்னால் ஒட்டி உறிஞ்சி எழுப்புவது, நாம் பச்சாதாபத்தில் 'ச்சு' கொட்டுவோமே, கிட்டத்தட்ட அது. நம் லிபியில் அதற்கு எழுத்தில்லை, நான் எழுதுவது ஒரு ஒப்பேற்றல்.) டிரான்ஸ்வாலுக்கும் ஜூலு நாட்டுக்கும் இடையே இருந்த எல்லைத் தகராறில் விசாரணைக் குழு பெரும்பாலும் ஜூலுக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை மாதக்கணக்கில் கைக்குள் வைத்திருந்து அன்றுதான் படித்தார்கள். பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் இறுதி எச்சரிக்கை. அபராதமாக மாடுகள் தர வேண்டும், சிஹாயோ என்ற தலைவரின் பிள்ளைகளை ஒப்படைக்க வேண்டும், பிரிட்டிஷ் பிரதிநிதி ஒருவரை ஏற்க வேண்டும், ராணுவ அமைப்பையே கலைக்க வேண்டும். கெடு 30 நாள். ராணுவ அமைப்பு என்பது வயதுவாரியாக இளைஞர்களைப் பிரித்து, அரசர் அனுமதி தரும்வரை மணம் செய்யாமல் அவருக்காக உழைக்க வைப்பது. அதைக் கலைப்பது ராஜ்யத்தையே கலைப்பது. ஏற்க முடியாத நிபந்தனை என்று தெரிந்தே எழுதப்பட்டது. லண்டன் அனுமதியும் அதற்கு இல்லை.

எழுதியவர் ஹைகமிஷனர் சர் பார்ட்டில் ஃப்ரேர். நமக்கு அந்நியரல்ல. 1862லிருந்து 1867வரை பம்பாய் கவர்னர். அவர் காலத்தில்தான் பருத்தி ஊக வாணிகம் சரிந்து பம்பாய் வங்கி நொடித்தது, விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். வங்கி ஊழியன் என்ற முறையில் இந்தத் தகவலைச் சொல்லாமல் விட முடியவில்லை. தளபதி செம்ஸ்ஃபோர்டும் அப்படித்தான். இந்தியாவில் பணியாற்றியவர், அவர் மகன்தான் நம் பள்ளிப் புத்தகங்களில் வந்த மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் செம்ஸ்ஃபோர்டு.

கெடு முடிந்த 1879 ஜனவரி 11 அன்று படை எல்லையைக் கடந்தது. 22ந் தேதி இசாந்துல்வானா மலையடியில் அந்தப் படையின் முகாமை சுமார் இருபதாயிரம் ஜூலுக்கள் சூழ்ந்தார்கள். 1,300க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பிற்பகலில் சூரிய கிரகணம் வேறு. கதாசிரியன் கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்துவிடுவோம், ஆனால் நடந்தது. ஜூலுக்களிலும் ஆயிரத்துக்குமேல் இறந்தார்கள். வெற்றிச் செய்தி கேட்ட செட்ஷ்வாயோ, தன் நாட்டின் வயிற்றில் ஈட்டி இறங்கிவிட்டது, இறந்தவர்களுக்கு அழக் கண்ணீர் போதாது என்ற பொருளில் பேசியதாகச் சொல்கிறார்கள். வென்றவன் பேச்சு அது.

அன்று மாலை ஜூலு படையின் ஒரு பகுதி, நேட்டாலுக்குள் போகக் கூடாது என்ற அரச கட்டளையை மீறி, அரசரின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரன் டபுலமன்ஸியின் தலைமையில் ஆற்றைக் கடந்து போய் ரோர்க்ஸ் ட்ரிஃப்டைத் தாக்கித் தோற்றது. உள்ளே இருந்தவர்களில் 11 பேருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து அந்த வெற்றியை மட்டும் அளக்கக் கூடாது. பக்கத்தில் செத்துக் கிடந்த 1,300 பேரை மறைக்கவும் பதக்கம் தேவையாயிருந்தது. ஆங்கிலேய ஓவியர் எலிஸபெத் பட்லர் 1880ல் இந்த முற்றுகையைத் தீட்டினார். 84 வருஷம் கழித்து எண்ட்ஃபீல்டின் படம். யுத்தத்திலிருந்து ஓர் இரவைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

படத்தின் முடிவில் ஜூலுக்கள் குன்றின் மேல் வரிசையாக நின்று தற்காத்தவர்களுக்கு ஈட்டி உயர்த்தி வணக்கம் சொல்லிப் போகிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது, காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களைத் தேடிப்பிடித்துக் கொன்றது. எண்ட்ஃபீல்ட் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்த உருவம் அவரிடம் இதைக் கேட்டு வாங்கியது. முற்றுகைக் கதை சமத்துவத்தில் முடிய வேண்டும்: நீயும் வீரன், நானும் வீரன். இதுவரை நாம் புகழ்ந்த எதிரி இப்போது நம்மைத் திருப்பிப் புகழ வேண்டும். புகழ்ச்சிக் கணக்கு நேராகிவிடுகிறது, விளக்கைப் போட்டுவிடலாம். அந்தப் படத்தில் செட்ஷ்வாயோவாக நடித்தவர் மங்கோஸுத்து புத்தலேஸி, தாய்வழியில் அந்த அரச குடும்பத்தின் வாரிசு, பிற்பாடு பெரிய அரசியல்வாதி. குன்றின்மேல் நின்று வணக்கம் சொன்ன துணை நடிகர்களின் கூட்டத்தார், நிறவெறிச் சட்டங்களின் கீழ் அந்தப் படத்தைப் பொதுவாகத் தியேட்டரில் பார்க்கக்கூட அனுமதிக்கப்படவில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு இஷ்டமில்லை. 1979ல் 'ஜூலு டான்' என்று இன்னொரு படம் வந்தது. எண்ட்ஃபீல்டும் அதன் திரைக்கதையில் பங்கெடுத்தார். இதில் ஃப்ரேர் வருகிறார், இறுதி எச்சரிக்கை வருகிறது, யுத்தம் யாருடைய ஜோடனை என்று சொல்லப்படுகிறது, இசாந்துல்வானா வருகிறது. யோக்கியமான படம். ஆனால் படமாக அது எழுந்து நிற்கவில்லை. விருந்தில் பேசிக்கொள்கிறார்கள், மலையேறுகிறார்கள், சாகிறார்கள். சிதறிக் கிடக்கிறது. ஓடவும் இல்லை. பொய் சொன்ன படம் கலையாகவும் உண்மைக்கு அருகில் வந்த படம் குப்பையாகவும் இருந்தால் விமர்சகன் என்ன செய்வான்? முற்போக்கு நண்பர்கள் இரண்டாவதை ஆதரித்துக் கட்டுரை எழுதுவார்கள். நம் தரப்பு ஆட்கள் முதலாவதை ரசித்துவிட்டு, கலைக்கு வரலாறு அளவுகோல் இல்லை என்று முடித்துக்கொள்வார்கள். இரண்டுமே சோம்பேறித்தனம். நம்முடையது கொஞ்சம் அதிகப்படியான சோம்பேறித்தனம் என்பேன், ஏனென்றால் நம் ரசனையே கணத்தின் மேல் கட்டப்பட்டது. செறிவு, ஒரு தருணம், ஒரு படிமம், மௌனம். நீளமானது எல்லாம் நமக்குச் செய்தித்தாள். முற்றுகை இரவு நமக்குப் பிடிப்பது தற்செயல் அல்ல.

ஜூலு ராஜ்யம் அழிந்த விதம் கணத்தில் அடங்குவது அல்ல. 1879 ஜூலை 4 அன்று உலுண்டியில் செம்ஸ்ஃபோர்ட் ஐயாயிரம் பேரைச் சதுரமாக நிறுத்தி, மூலைகளில் பீரங்கியும் கேட்லிங் துப்பாக்கியும் வைத்தார். முக்கால் மணிக்குள் முடிந்துவிட்டது. செத்த பிரிட்டிஷார் ஒரு டஜனைச் சுற்றி. ஜூலுக்கள் ஆயிரத்துக்கு மேல். அரசரின் ஊர் எரிக்கப்பட்டது. புத்தகங்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன. ஆகஸ்டு 28ல் காட்டில் ஒளிந்திருந்த செட்ஷ்வாயோவைப் பிடித்தார்கள் என்று ஒரு பின்குறிப்பு இருக்கும். ஆனால் 1979ல் வந்த 'ஜூலு ராஜ்யத்தின் அழிவு' என்ற நூலில் ஜெஃப் கை சொல்வது வேறு. ராஜ்யத்தை அழித்தது 1879ன் தோட்டாக்கள் அல்ல, அதற்குப் பிறகு வந்த சமாதானம் என்கிறார்.

அந்தச் சமாதானத்தைச் செய்தவர் கார்னெட் உல்ஸ்லி, 1857ல் லக்னோவில் இருந்தவர். செப்டம்பர் 1 அன்று நாட்டை 13 தலைவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பிரிட்டன் ஒரு ஏக்கரைக்கூட இணைத்துக்கொள்ளவில்லை, காவலுக்குச் செலவும் இல்லை. பதின்மூன்று பேரில் ஒருவர் ஜான் டன் என்ற வெள்ளைக்கார வியாபாரி. ஒருவர் ஜூலுவே அல்ல, ஸோத்தோ. ஒருவர் யுத்தத்தின்போதே ஆங்கிலேயர் பக்கம் போன அரச குடும்பத்தவர். இன்னொருவர் ஸிபெபு, நல்ல தளபதி, ஆசைக்காரர். இந்தப் பட்டியலைப் படிக்கும் எவருக்கும் அடுத்து வருவது என்ன என்று தெரிந்துவிடும்.

செட்ஷ்வாயோ கேப் டவுன் கோட்டையில் கைதி. 1882ல் லண்டனுக்குப் போய் மனு கொடுக்க அனுமதித்தார்கள். கென்ஸிங்டனில் மெல்பரி ரோட்டில் தங்கினார். வாசலில் ஜனம் கூடி ஆரவாரம் செய்தது. விக்டோரியா ராணியைச் சந்தித்தார். இப்போது அந்த வீட்டில் நீலப் பலகை பதித்திருக்கிறார்கள், 2006லிருந்து. 1883 ஜனவரியில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள், ஆனால் வெட்டிக் குறைத்த ராஜ்யத்துக்கு. வடக்கே ஸிபெபு தன் பகுதியோடு தனியே விடப்பட்டார். ஜூலை 21 அதிகாலை ஸிபெபுவின் படை, மறுபடி கட்டிய அரச ஊரின்மேல் விழுந்தது. இளைஞர்கள் தப்பி ஓடினார்கள். ஓட முடியாத கிழவர்கள், ராஜ்யத்தின் மூத்த தலைவர்கள் ஐம்பது பேருக்கு மேல், அங்கேயே குத்தப்பட்டுச் செத்தார்கள். அவர்களில் ஒருவர் நட்சிங்வாயோ. இசாந்துல்வானாவில் ஜூலு படையை நடத்தி வென்ற தளபதி.

இந்தச் சாவை வைத்து யாரும் படம் எடுக்கவில்லை. சுட்ட துப்பாக்கிகளுக்குப் பின்னால் செஞ்சட்டை இல்லை. புகழ்வதற்கு எதிரி இல்லை. யாரும் வணக்கம் சொல்லவில்லை. அரசர் காயத்தோடு தப்பி, 1884 பிப்ரவரி 8 அன்று எஷோவேயில் இறந்தார். இருதய நோய் என்றார் டாக்டர், விஷம் என்றார்கள் ஜூலுக்கள். 1887ல் பிரிட்டன் இணைத்துக்கொண்டது. அடுத்தாற்போல் குடிசை வரி. வரி கட்டப் பணம் வேண்டும், பணத்துக்குச் சுரங்கத்துக்குப் போக வேண்டும். ராணுவ அமைப்பைக் கலைக்க வேண்டும் என்று அத்தி மரத்தடியில் படித்ததன் அர்த்தம் பத்து வருஷம் கழித்துப் புரிகிறது. அரசருக்காக உழைத்த கைகள் இனி கூலிக்கு உழைக்கும்.

இவ்வளவு நீளத்தையும் சொல்லக்கூடிய உருவம் எது?

ஜூலு மொழியில் 'இஸிபொங்கோ' என்று ஒரு கவிதை வகை உண்டு. அரசரையும் தலைவர்களையும் புகழ்வது. பாடுபவன் இம்பொங்கி. மூச்சு விடாமல் வேகமாக, பட்டப்பெயர்களாக அடுக்கிக்கொண்டே போவான். ஒவ்வொரு பட்டப்பெயருக்குள்ளும் ஒரு சம்பவம் மடித்து வைத்திருக்கும். கேட்பவனுக்குத் தெரிந்திருந்தால் விரியும், இல்லையானால் ஓசையாகப் போகும். புறநானூற்றில் மன்னர் பெயர்களுக்கு முன் வரும் நீண்ட அடைகளைப் படித்துப் பழகிய நமக்கு இது தூரமான விஷயம் இல்லை. ஆனால் நான் கவனிக்க விரும்புவது வேறொன்று. இம்பொங்கிக்கு அரசனை அவன் முகத்துக்கு நேரே குறை சொல்ல உரிமை உண்டு. புகழின் நடுவே இடிப்பு வரும். குறையும் ஒரு பட்டப்பெயராகிவிடும். நம் துறைகளில் செவியறிவுறூஉ என்று தனியே பிரித்து வைத்ததை அவர்கள் புகழுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அந்தப் புகழில் பாடுபவனுக்கு அபாயம் இருக்கிறது. ஆங்கிலேயன் ஜூலுவைப் புகழும் புகழில் இல்லாதது அதுதான்.

இந்தப் பாடல்கள் நமக்குக் கிடைத்த வழியும் யோசிக்க வேண்டியது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற நேட்டால் மாஜிஸ்திரேட் முதியவர்களை உட்கார வைத்து எழுதிக்கொண்டவை. அவற்றில் ஒரு தேர்வை டிரெவர் கோப் 1968ல் ஆங்கிலத்தோடு சேர்த்துப் பதிப்பித்தார். இதே ஸ்டூவர்ட்தான் 1906 கலகத்தை அடக்கியதில் உளவுப் பிரிவில் இருந்தவர், 1913ல் அதன் வரலாற்றை அரசாங்கக் கண்ணால் எழுதியவர். கேட்டதைக் கேட்டபடி எழுதும் கை ஒன்று, அடக்கும் கை ஒன்று, ஆள் ஒருவர். பொன்னைச் சேர்த்து வைத்தவன் யார் என்பதற்காகப் பொன்னை எறியவும் முடியாது.

மஸிஸி குனேனே இஸிபொங்கோவிலிருந்து புறப்பட்டுக் காவியம் செய்யப் பார்த்தவர். 'மாமன்னன் ஷாகா' 1979ல், அதாவது யுத்தத்தின் நூறாவது ஆண்டில், ஆங்கிலத்தில் வந்தது. ஜூலுவில் எழுதி, நாடு கடந்த வாழ்வில் தானே ஆங்கிலமாக்கினார். எனக்கு அது முழுக்கச் சரிப்படவில்லை. சபைகள் நீள நீளப் பேசுகின்றன. எல்லோரும் ஒரே குரலில் ஞானம் சொல்கிறார்கள். ஷாகாவின் கொடுமைகளுக்கெல்லாம் நியாயம் கற்பிக்கப்படுகிறது. அந்த இடங்களில் இம்பொங்கி ஒளிந்துகொண்டு கட்சிக்காரர் எழுந்துவிடுகிறார். ஸோத்தோ மொழியில் தாமஸ் மொஃபோலோ எழுதி 1925ல் வெளிவந்த 'சாக்கா' நாவலின் பயங்கரம் இதில் இல்லை. ஆனால் மொஃபோலோவிடம் இல்லாத ஒன்று குனேனேயிடம் உண்டு: அவசரமின்மை. ஒரு மக்கள் கூட்டம் உண்டாவதற்கு இத்தனை பேச்சு வேண்டியிருக்கிறது என்ற உணர்வு. காவியம் ஷாகா கொலையுண்ட 1828ஓடு நின்றுவிடுகிறது. 1879க்கும் 1883க்கும் அவர் வரவில்லை.

பிஷப்பிடம் வருகிறேன் என்றேன். ஜான் வில்லியம் கொலென்ஸோ, நேட்டாலின் பிஷப். அதற்குமுன் கணக்கு வாத்தியார். அவருடைய எண்கணிதப் பாடநூல் இங்கிலாந்துப் பள்ளிகளில் பிரசித்தம். பைபிளை ஜூலுவில் மொழிபெயர்க்கையில், பிரளயக் கதை நிஜம்தானா என்று உதவியாளர் வில்லியம் என்கிடி கேட்க, பிஷப்பால் ஆமென்று சொல்ல முடியவில்லை. 1862லிருந்து ஐந்தாகமங்களை அவர் ஆராய்ந்து எழுதிய முறையும் கணக்குதான். ஆறு லட்சம் ஆண்கள் புறப்பட்டார்கள் என்றால் கூடாரம் எத்தனை, ஆடு எத்தனை, ஒத்துவருகிறதா? வரவில்லை. இங்கிலாந்து கொதித்தது. டிஸ்ரேலியின் ஹாஸ்யம் இதைத்தான் சுட்டியது.

யுத்தம் வந்தபோது இவர் அதே வேலையைச் செய்தார். அரசாங்கம் வெளியிட்ட நீலப் புத்தகங்களையும் பத்திரிகைச் செய்திகளையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, முரண்படும் இடங்களில் குறிப்பெழுதி, பிஷப்ஸ்டோவில் இருந்த தன் மிஷன் அச்சுக்கூடத்திலேயே பகுதி பகுதியாக அச்சிட்டார். ஜூலு விவகாரங்களின் தொகுப்பு என்று பெயர். ஃப்ரேர் இங்கே இப்படிச் சொல்கிறார், அங்கே அவர் அதிகாரியே வேறு சொல்கிறார்; தூதர்கள் வந்த தேதி இது, கடிதத்தில் போட்ட தேதி அது. யுத்தகாலத்தில் ஜூலு நாட்டுக்குள் அகப்பட்டிருந்த கொர்னேலியஸ் ஃபைன் என்ற டச்சு வியாபாரியின் நாட்குறிப்பையும் 1880ல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதில் பாதிக்குமேல் பிஷப்பின் குறிப்புகளாகவே தோன்றும்.

வருஷக் கடைசியில் பேரேட்டையும் நாள்வழியையும் வைத்துக்கொண்டு இரண்டு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்தவர்களுக்கு இந்த எழுத்தின் ருசி தெரியும். வித்தியாசம் சின்னது என்று விட்டுவிட முடியாது, சின்ன வித்தியாசத்துக்குப் பின்னால்தான் பெரியது இருக்கும். கொலென்ஸோவின் தொகுப்பில் நடை இல்லை, தருணம் இல்லை, நாயகன் இல்லை. படிக்க அலுப்பு. யாரும் அதை இலக்கியம் என்று சொன்னதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதில் புகழ்ச்சி கிடையாது. ஜூலுக்கள் வீரர்கள் என்று அவர் வாதாடவில்லை. அவர்கள் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் தரப்படவில்லை என்று நிரூபிக்கிறார். எதிரியைப் புகழ்கிறவன் எதிரியைச் சண்டைக்காரனாக மட்டும் பார்க்கிறான். இவர் செட்ஷ்வாயோவைக் கடிதம் எழுதுகிற, காத்திருக்கிற, ஏமாற்றப்படுகிற ஒருவராகப் பார்த்தார். முற்றுகை இரவில் அப்படி ஒரு ஆளுக்கு இடமில்லை. இசாந்துல்வானாவுக்குப் பிறகு 1879 மார்ச்சில் நகரமே துக்கத்திலும் பழிவெறியிலும் இருந்தபோது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தேவாலயத்தில் அவர் எழுந்து, இந்த யுத்தத்தில் நியாயம் எங்கே, இரக்கம் எங்கே என்று கேட்டார். ஜூலுக்கள் அவரை 'ஸொபாந்து', மக்களின் தகப்பன் என்று அழைத்தார்கள். அதுவும் ஒரு பட்டப்பெயர்தான். அரசரின் ஊர் இரண்டாம் முறை அழிவதற்கு ஒரு மாதம் முன்பு, 1883 ஜூனில் இறந்தார்.

தமிழில் இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: நாம் அங்கே இருந்தோம். நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்கு நிலமும் மாடும் இருந்தவரை அவர்கள் தோட்டக்காரர்கள் கேட்ட கூலிக்கு வரவில்லை. அதனால் 1860 நவம்பர் 16ல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் கொண்டுவந்து இறக்கியது. ஜூலு ராஜ்யம் நின்றதும் தமிழன் கரும்பு வெட்டப் போனதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்மேல் 1895 சட்டம் வருஷத்துக்கு 3 பவுன் வரி போட்டது. 1906ல் ஆப்பிரிக்க இளைஞர்கள்மேல் ஒரு பவுன் தலைவரி வசூலிக்கப் போனபோது பம்பாட்டாவின் கலகம் மூண்டது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் செத்தார்கள். வெள்ளையர் சுமார் முப்பது பேர்.

அந்த வருஷம் காந்தி பிரிட்டிஷ் தரப்பில் டோலி தூக்க ஒரு சிறு படை சேர்த்துக்கொண்டு போனார். இருபத்துச் சொச்சம் பேர். சில குஜராத்திகள், ஒரு பட்டாணியர் தவிர மற்றவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகப் போய் ஒப்பந்தம் முடிந்தவர்கள் என்று சுயசரிதையில் எழுதுகிறார். அவர்களுக்குக் கிடைத்த வேலை, கசையடி பட்டுப் புண் அழுகிக் கிடந்த ஜூலுக்களுக்கு மருந்து போடுவது. வெள்ளைக்கார நர்ஸுகள் தொட மறுத்த புண்கள். இது யுத்தமல்ல, மனித வேட்டை என்று காந்திக்குப் புரிந்தது. அவருடைய பிரம்மச்சரியத் தீர்மானம் அந்த நடையில்தான் முற்றியது என்பதால் எல்லோரும் அந்த அத்தியாயத்தைப் படிக்கிறார்கள். தீர்மானத்துக்குப் போகும் அவசரத்தில் புண்ணைத் தாண்டிவிடுகிறார்கள். டோலி தூக்கிய நம்மவர்களில் ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை. 3 பவுன் வரி கட்டுகிறவன் ஒரு பவுன் வரிக்காக அடிபட்டவன் முதுகைக் கழுவிய கதை நம் மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டியது.

கொலென்ஸோவின் பள்ளியில் படித்து, அவருடைய அச்சுக்கூடத்தில் வேலை கற்றவர் மகேமா ஃபூஸே. செட்ஷ்வாயோவின் மகன் டினுஸுலு செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்தபோது அங்கே போய் அவருக்கு எழுத்தராக இருந்தவர். கறுப்பு மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற தலைப்பில் ஜூலுவில் ஒரு வரலாறு எழுதி, 1922ல் வெளியிட்டார். ஒரு ஜூலு தன் மொழியில் எழுதிய முதல் வரலாற்றுப் புத்தகம் என்று சொல்லப்படுவது. அது ஆங்கிலத்துக்கு வர 57 வருஷம் ஆனது, 1979. குனேனேயின் ஜூலு காவியம் ஆங்கிலத்தில் வந்ததும் அதே 1979. அதன் ஜூலு மூலம் புத்தகமானது 2017ல், அவர் இறந்து 11 வருஷம் கழித்து.